கால் கழுவுகிறவர் கவனிக்க வேண்டியவை

நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிக்கிற வேலையில் இருப்பவர்கள் பைபிளில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13-ஆம் அதிகாரத்தைப் படித்தால், அது முதலில் பிரசங்கமாகத் தெரியாது, வேலை வரிசையாகத்தான் தெரியும். இயேசு பந்தியை விட்டு எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டை இடுப்பில் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகுதான் காலைத் தொட்டார். தண்ணீர் ஊற்றும் முன்பே துடைக்கிற துணி இடுப்பில் இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் தலைகீழாகச் செய்வார்கள். ஈரக் காலோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டுத் துண்டு தேடிப் போவார்கள். அவருக்குக் குளிரும். எழுந்துவிட்டால் வழுக்கும்.

அதே பந்தியில்தான் சீடர்களுக்குள், தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் வந்தது என்று லூக்கா 22:24 சொல்கிறது. துண்டும் பாத்திரமும் தண்ணீரும் அறையிலேயே இருந்தன. எழுந்திருக்கத்தான் ஆள் இல்லை.

மாற்கு 10:43, 44 வசனங்களில் இயேசு பெரியவனுக்குச் சொல்லும் சொல் 'பணிவிடைக்காரன்'. முதல்வனாக விரும்புகிறவனுக்கு 'ஊழியக்காரன்'. கிரேக்க மூலத்தில் முதலாவது டியாகொனோஸ், பந்தியில் பரிமாறுகிறவனுக்கும் வழங்கிய சொல். இரண்டாவது டூலோஸ், அதாவது அடிமை. இன்று 'ஊழியக்காரர்' என்றால் நம் காதில் மேடையும் மைக்கும் சேர்ந்தே ஒலிக்கின்றன. சொல் எங்கிருந்து எங்கே ஏறிவிட்டது பாருங்கள்.

சரி, உண்மையில் ஒரு காலைக் கழுவுவது எப்படி? சக்கர நாற்காலி என்றால் முதலில் இரண்டு பிரேக்கையும் போட வேண்டும். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் கால் தானாக உதறும். தண்ணீர் உடல் சூட்டளவுக்கு, சுமார் 37 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் முழங்கையை வைத்துப் பார்க்கலாம். 'சூடு சரியா இருக்கா?' என்று கேட்டுவிட்டு அவர் பதிலை மட்டும் நம்புவது ஆபத்து. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும். கொதிக்கிற தண்ணீரிலும் 'சரியா இருக்கு' என்பார், மறுநாள் கொப்புளம் நிற்கும். அவர்கள் காலை நெடுநேரம் ஊற வைக்கவும் கூடாது. தோல் ஊறித் தளர்ந்தால் வெடிப்பு விழும், வெடிப்பு புண்ணாகும்.

கழுவுவதைவிடத் துடைப்பதில்தான் கவனம் வேண்டும். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்குகிற இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வறண்ட குதிகாலுக்கு மாய்ஸ்சரைசர் தடவலாம், ஆனால் விரல் இடுக்கில் தடவக் கூடாது. பிறகு குதிகாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண்ணின் தொடக்கம். வெறுங்கண்ணுக்கு அது அற்பமாகத்தான் தெரியும். கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சூடு, வீக்கம், இறுக்கம் ஆகியவற்றைக் கையால்தான் அறிய வேண்டும். தாழ்ந்து உட்காராத எவரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. குனிந்து நின்றபடி வேலையை முடிக்கிறவருக்கு முதுகும் போகும், அந்தத் தடமும் தப்பும். தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தால், வலிக்கும்போது அவர் முகம் சுளிப்பதையும் பார்க்கலாம்.

இனி, அந்தச் சீடர்களில் ஒருவரான பேதுரு. முதலில் 'என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவக் கூடாது' என்கிறார். அடுத்த நொடியே கை, தலை எல்லாவற்றையும் கழுவச் சொல்கிறார். இரண்டுக்கும் இயேசு இணங்கவில்லை. குளித்தவனுக்குக் கால் மட்டும் கழுவினால் போதும் என்கிறார். இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய இறையியல் விளக்கங்கள் உண்டு. வேலைத்தளத்தில் அதற்கு நேரடியான ஒரு பொருளும் இருக்கிறது: தேவையானதைச் செய், அதற்கு மேல் போகாதே. சேவை கெட்டுப்போவது சோம்பலால் மட்டுமல்ல, மிகுதியாலும்தான். பக்கவாதம் வந்தவர் நல்ல கையால் தன் முகத்தைத் தானே துடைக்க முடியும். அதற்கு 5 நிமிடம் ஆகும், நாம் துடைத்தால் அரை நிமிடம். அன்பு என்று பெயர் சொல்லி அந்த அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தால், சில வாரங்களில் அந்தக் கையும் பழக்கம் விட்டுப் போகும். ஈரத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருப்பதுதான் அங்கே பணிவிடை. சும்மா இருப்பது கஷ்டம். பார்க்கிறவர்களுக்கு நாம் வேலை செய்யாத மாதிரி இருக்கும் என்ற கூச்சம்தான் பாதிக் கஷ்டம்.

எது தேவை என்று அறிவதற்கான கேள்வியையும் மாற்கு 10-ஆம் அதிகாரமே வைத்திருக்கிறது. சீடர்களான யாக்கோபும் யோவானும் வரும்போது 'நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும்' என்று இயேசு கேட்கிறார். அவர்கள் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்கிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில் பார்வையற்ற பர்திமேயுவிடம் கிட்டத்தட்ட அதே கேள்வி. அவனுக்கு என்ன குறை என்று பார்த்தவுடனே தெரியும், ஆனாலும் கேட்டார். நோயாளியின் குறை சார்ட்டில் எழுதியிருக்கும்போது அவரிடம் கேட்பது வீண் என்று நினைக்கிறவர்கள், குளிப்பதை மாலைக்குத் தள்ளலாமா என்று அவர் கேட்க நினைத்ததை ஒருபோதும் கேட்க மாட்டார்கள்.

கழுவப்பட்ட கால்களில், இயேசுவைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் கால்களும் இருந்தன. அவன் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகு. நம் வேலையில் துப்புகிறவர்களும் அடிக்கிறவர்களும் உண்டு. ஞாபகமறதி நோயில் அது பெரும்பாலும் பயத்தின் மொழி. அங்கே 'சகித்துக்கொள்' என்ற அறிவுரை பாதிதான் சரி. பிடித்து வைத்துக் கழுவினால் பயம் கூடும். விட்டுவிட்டு 10, 15 நிமிடம் கழித்து, முடிந்தால் வேறொருவர் போக வேண்டும். தன்னை அடித்தவருக்குத் தானே கழுவி முடித்தே தீருவேன் என்று நிற்பதில் பணிவைவிட வீறாப்புதான் அதிகம். அடி விழுந்ததை எழுதியும் வைக்க வேண்டும், அடுத்து வருகிறவரின் பாதுகாப்புக்காக.

'நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது' என்பது தாழ்மையின் உடையில் வரும் பெருமை. பைபிளின் அப்போஸ்தலர் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விநியோகத்தில் விடுபட்டபோது, தலைமையில் இருந்த பன்னிரு சீடர்களும் தாங்களே பந்திக்கு ஓடவில்லை. 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த 7 பேருமே கிரேக்கப் பெயர்க்காரர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பு போனதாகத் தெரிகிறது.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிய துறவு மட ஒழுங்கின் 35-ஆம் அதிகாரம் முழுக்கச் சமையலறை முறையைப் பற்றியது. தன் சமையலறை வாரத்தை முடிக்கிறவர் சனிக்கிழமை சுத்தம் செய்கிறார். சகோதரர்கள் கையும் காலும் துடைத்த துண்டுகளைத் துவைக்கிறார். அவரும் அடுத்து வருகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவுகிறார்கள். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பண்டக பொறுப்பாளரிடம் ஒப்படைக்க, அவர் அடுத்தவரிடம் கொடுக்கிறார்; எது போனது, எது வந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? இன்றைய ஷிப்ட் மாற்றத்தில் விடுபடுவதும் இதுதான். 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'இடது குதிகாலில் மறையாத சிவப்பு, 4 மணிக்குப் பார்த்தது' என்ற ஒரு வரி இருக்காது.

அதே அதிகாரத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் ரொட்டியும் குடிக்க ஒரு கோப்பையும் கொடுத்துவிட வேண்டும். முறுமுறுக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவாம். இரவு ஷிப்டில் ஒன்றும் சாப்பிடாமல் விடியற்காலை 5 மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுகிறவரின் குரலைக் கேட்டிருப்பவர்களுக்கு, அந்த ரொட்டி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.