கறுப்பில் வெள்ளை: திருப்பூர் பிரிண்டிங் பட்டறை நாட்குறிப்பு

2024 நவம்பர் 6, புதன்

தீபாவளிக்கு மூடிய ஊர் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. பீகார் பையன்கள் சட் பூஜை முடித்துத்தான் ரயில் ஏறுவார்கள். பாதி டேபிள் காலியாகக் கிடக்கிற இந்த நேரம் பார்த்து ஒரு குருசாமி வந்தார். கார்த்திகை 1 அன்று மாலை போடும் குழுவுக்குக் கறுப்பு டி-ஷர்ட் 300 வேண்டுமாம். முதுகில் ஐயப்பன், பக்கத்தில் புலி, கீழே ஊர்ப் பெயர்.

"ஒரே கலர்தானுங்க சாமி, வெள்ளை. பார்த்து ரேட் போடுங்க."

வெள்ளைத் துணியில் கறுப்பு அடிப்பதென்றால் அவர் சொல்வது சரி. கறுப்பில் வெள்ளையை வெள்ளையாக நிற்க வைப்பது வேறு கதை. சாதா பிக்மென்ட் மை கறுப்புத் துணிக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். வெளியே தெரிய வேண்டுமென்றால் மூன்று வழி. துணியின் சாயத்தையே எடுத்துவிடும் டிஸ்சார்ஜ், மேலே கெட்டியாக உட்காரும் காதி என்கிற வெள்ளைப் பேஸ்ட், இல்லையென்றால் பிளாஸ்டிசால். மூன்றில் டிஸ்சார்ஜ்தான் எனக்குப் பிடிக்கும். கையால் தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது.

நவம்பர் 7, வியாழன்

படம் வாட்ஸப்பில் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, பல கை மாறிய ஃபார்வர்டு. பெரிதாக்கினால் ஐயப்பன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிசைனர் தம்பியிடம் முழுவதையும் புதிதாக வரையச் சொன்னேன்.

புலியின் மீசையில்தான் பேச்சு நீண்டது. தம்பி மயிரிழையாக வரைந்திருந்தான். கம்ப்யூட்டர் திரையில் அழகுதான். ஆனால் கறுப்புத் துணிக்கு மை தாராளமாக இறங்க வேண்டும். அதற்கு ஸ்கிரீனில் சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ், அதாவது வலைத்துணி, போடுவோம். அந்த மெஷ்ஷில் மெல்லிய கோடு நிற்காது. 77 போட்டால் மீசை வரும், வெள்ளை சாம்பல் ஆகிவிடும். கடைசியில் மீசையைத் தடிப்பாக்கினோம். நிழல் கொடுத்திருந்த புள்ளிகளையும் எடுத்துவிட்டு வெட்டுக்கோடுகளாக மாற்றச் சொன்னேன்.

நவம்பர் 8, வெள்ளி

துணி வந்தது. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி. "ரியாக்டிவ் சாயக் கறுப்புதான், டிஸ்சார்ஜ் அருமையாக வரும்" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ரோலின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பேஸ்ட்டை வைத்துச் சூடு காட்டினோம். அழுகின முட்டை நாற்றம் வந்தது, அது வரத்தான் செய்யும். வெள்ளைதான் வரவில்லை. செம்மண் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. சல்ஃபர் கறுப்போ, வேறு என்ன சாயமோ. சாயத்தைப் பொறுத்துத்தான் டிஸ்சார்ஜ் வேலை செய்யும். விற்றவரைக் கூப்பிட்டால் "மில்லில் அப்படித்தான் சொன்னாங்க" என்கிறார். துணியை மாற்ற நேரமில்லை. சரி, காதிதான்.

பிளாஸ்டிசாலை யோசிக்காமல் இல்லை. ஸ்கிரீனில் காயாது, வெள்ளை பளிச்சென்று வரும். ஆனால் அடிப்படையில் அது பிவிசி. முதுகு முழுக்க அடித்தால் காற்றே புகாது. 41 நாள் விரதம், காலையும் மாலையும் குளியல், தினமும் துவைப்பு என்று இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) பூசிய ஸ்கிரீன் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கிறது, உள்ளே ஈரம். இந்த நிலையில் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்தால் தண்ணீர் அடிக்கும்போது படம் ஓரத்தோடு உரிந்து வந்துவிடும். மஞ்சள் பல்பு அறையைச் சாத்தி, ஃபேனையும் ஈரம் உறிஞ்சும் மெஷினையும் ஓடவிட்டுக் காத்திருந்தோம். சூடு 40 டிகிரியைத் தாண்டவும் கூடாது, எமல்ஷன் கெட்டுவிடும். மாலையில்தான் எக்ஸ்போஸ் செய்ய முடிந்தது. மீசை நின்றது.

குருசாமி போன். "இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலீங்களா சாமி?"

இந்தத் தொழிலில் பாதி வேலை முதல் பீஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதைப் பார்ட்டி பார்ப்பதில்லை. ஃபிலிம், ஸ்கிரீன், செட்டிங் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பீஸில் அது தலைக்கு 3 ரூபாய், 30 பீஸில் 30 ரூபாய். "கம்மியா அடிச்சா ஏனுங்க ரேட் ஏறுது?" என்பவர்களுக்கெல்லாம் இதே கணக்குத்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

பீகார் பையன்கள் வந்துவிட்டார்கள், டேபிளுக்கு உயிர் வந்தது. தைத்த பனியனில் அடிப்பதில்லை, வெட்டிய பின் பீஸில்தான். பிரிண்ட் கெட்டால் ஒரு பீஸோடு போகும், முழு டி-ஷர்ட் போகாது. ஆனால் கட்டு கலையக் கூடாது. ஒவ்வொரு பீஸிலும் நம்பர் ஸ்டிக்கர் உண்டு. ஒரு ரோலின் முன்பக்கமும் இன்னொரு ரோலின் முதுகும் சேர்ந்துவிட்டால், வெயிலில் பார்க்கும்போது இரண்டு கறுப்பு தெரியும்.

டேபிளில் கம் தடவிப் பீஸ்களை வரிசையாக ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று, மையைத் தள்ளும் ரப்பர் கட்டையான ஸ்குவீஜியை இழுத்தார்கள். முதல் கோட் போட்டுக் கடைசிக்குப் போவதற்குள் முதல் பீஸ் காய்ந்திருக்கும். திரும்ப வந்து இரண்டாவது கோட். காதியில் பெரிய தொல்லை, பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் நின்றால்கூட காய்ந்து மெஷ் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி. டீ குடிக்கப் போகும்போது ஸ்கிரீனில் மை ஏற்றி மூடி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பிரிண்ட்டைச் சூட்டில் இறுக்கும் க்யூரிங் மெஷினில் 150 டிகிரி வைத்து, பெல்ட்டை மெதுவாக ஓட்டினோம். ஒரு பீஸை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். வெடிக்கவில்லை. இரண்டு பீஸ் மட்டும் வாஷிங் மெஷினுக்குப் போனது. ராத்திரி முழுக்கச் சுற்றிய பிறகும் வெள்ளை நின்றது. மீதியைத் தையலுக்கு அனுப்பியாச்சு.

நவம்பர் 14, வியாழன்

ஒரு கல்லூரிப் பையன் 20 பீஸுக்கு ரேட் கேட்டான், ஆறு கலர் டிசைன். டிடிஎஃப் (ஃபிலிமில் பிரிண்ட் எடுத்துச் சூட்டில் துணியில் ஒட்டுவது) கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். நம் தொழிலை டிடிஎஃப் தின்றுவிடும் என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் தினமும் புலம்புகிறார். 20 பீஸை அது தின்னட்டும், அதில் எனக்கு லாபமே இல்லை. ஆறு ஸ்கிரீன் போட்டு, ஆறு கலரும் விலகாமல் உட்காரும்படி ரிஜிஸ்டரில் நிறுத்தி முடிப்பதற்குள் பையனுக்குச் செமஸ்டரே முடிந்துவிடும்.

நவம்பர் 15, வெள்ளி

300-ம் டெலிவரி. குருசாமி ஒன்றைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, புலியை ரொம்ப நேரம் பார்த்தார். "மீசை நல்லா வந்திருக்குங்க சாமி." பாதிப் பணம் கொடுத்தார். மீதி மலைக்குப் போய் வந்த பிறகாம். கன்னிச்சாமிகள் ஏழு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம், அவர்களுக்கும் அதே ரேட்டில் வேண்டுமாம். ஸ்கிரீனை இன்னும் கழுவவில்லை, அதனால் சரி என்றேன்.