தகிட தகிட தக: ஸும்பா சொல்லிக்கொடுக்கப் பழகுகிறவர்களுக்கு

ஸும்பா லத்தீன் அமெரிக்கத் தாளங்களுக்கு ஆடும் உடற்பயிற்சி நடனம். அதன் பயிற்றுநருக்கான அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். மெரெங்கே, சல்சா, கும்பியா, ரெகேட்டோன் என்ற நான்கு தாளங்களின் அடிப்படை ஸ்டெப்புகளும் அவற்றைப் பாட்டோடு பொருத்தும் முறையும் அதில் வரும். ஸும்பா பதிவுசெய்யப்பட்ட வணிகப் பெயர் என்பதால், உரிமம் எடுத்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டு வகுப்பு நடத்தலாம். அந்த ஒரு நாளுக்குப் போகும் முன்பே காது பழகியிருக்க வேண்டும். பழகாத காதோடு போனால் நாள் முழுக்க முன்னால் நிற்பவரின் காலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காதுப் பயிற்சிக்கு மட்டக்களப்பில் நல்ல வழி இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்தில் மத்தளத்துக்கும் சல்லரி என்ற கைத்தாளத்துக்கும் ஆடிப் பழகியவர்கள் தாளத்தைச் சொல்லாகவே பிடிக்கிறார்கள். அதே முறையை இங்கேயும் கொண்டுவரலாம். காலால் ‘தகதிமி தகதிமி’ என்று சமமாக மிதியுங்கள். ஒரு எழுத்து ஒரு மாத்திரை; ஒரு தகதிமிக்கு ஒரு மிதி. வாயால் அதே எட்டு மாத்திரைக்குள் ‘தகிட தகிட தக’ என்று சொல்லுங்கள். மூன்று, மூன்று, இரண்டு. ரெகேட்டோனின் உயிர் இதுதான். கால் சமமாக நிற்க, வாய் மட்டும் இழுத்துப் பிடிக்க வேண்டும். வாயின் பின்னால் காலும் ஓடினால் வேகத்தைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

சல்சாவில் கிளாவே என்ற தட்டு பதினாறு மாத்திரையில் வரும்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு, மொத்தம் ஐந்து. கால் வேறு கணக்கில் போகும், இரண்டு மாத்திரைக்கு ஒரு எண்ணிக்கை: ஒன்று, இரண்டு, மூன்றில் மிதி, நான்கில் நிறுத்தம், ஐந்து, ஆறு, ஏழில் மிதி, எட்டில் நிறுத்தம். புதியவர்கள் தவறுவது இந்த நிறுத்தத்தில்தான். நான்கிலும் மிதித்துவிட்டால் அடுத்த அடிக்குத் தவறான கால் வந்து நிற்கும். அங்கிருந்து வகுப்பு முழுக்கக் குழம்பும்.

மெரெங்கே எளிது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால். கும்பியாவில் பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது. கொலம்பியாவில் பெண்கள் கையில் மெழுகுதிரி ஏந்தி ஆடும் ஆட்டம் அது. அதை நினைத்துக்கொண்டு ஆடினால் குதிக்கத் தோன்றாது.

எங்கள் ஊர் வகுப்பில் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டைக் கட்டாயம் கேட்பார்கள். போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் ஆடும் கஃப்ரிஞ்ஞாவோடு உறவுள்ள இசை, போடத்தான் வேண்டும். ஆனால் அது ஆறு மாத்திரைத் தாளம், ‘தகிட தகிட’. ஒரு தகிடவுக்கு ஒரு கால் என்று மெரெங்கே நடையை வைத்தால் பொருந்தும். சல்சா ஸ்டெப்பை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

இனிப் பாட்டு. ஒரு பாட்டைக் குறைந்தது பத்துத் தடவை ஆடாமல் கேளுங்கள். முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசை என்று தாளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எட்டு எண்ணிக்கை என்று எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு எட்டு, அதாவது 32 வரும். ஒரு பகுதிக்கு ஒரு ஸ்டெப் போதும். பல்லவி திரும்பும்போது அதே ஸ்டெப் திரும்ப வரவேண்டும். அப்போதுதான் பின்வரிசையில் நிற்பவருக்குத் ‘தெரியும்’ என்ற தைரியம் வரும். ஒரு பாட்டுக்குள் எட்டுப் பத்து ஸ்டெப் அடுக்குவது பயிற்றுநரின் திறமையைக் காட்டும், வகுப்பை நிறுத்திவிடும்.

சைகைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. ஸ்பீக்கர் சத்தத்தில் குரல் எடுபடாது. மாற்றத்துக்கு முந்திய எட்டில் ஐந்தாவது எண்ணிக்கையில் கை உயர வேண்டும், ஏழில் திசை தெரிய வேண்டும். ஒன்றில் காட்டினால் அவசரக்காரர்கள் அப்போதே மாறிவிடுவார்கள்; எட்டில் காட்டினால் எல்லாரும் ஒரு அடி பிந்துவார்கள். வகுப்பைப் பார்த்து நிற்கும்போது அவர்களின் வலது உங்கள் இடது. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பக்கமாகவும் பழகாமல் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இடுப்பு அசைவை இடுப்பைத் திருகிச் சொல்லிக்கொடுப்பது பெரிய பிழை. முழங்கால் மாறி மாறி மடங்கினால் இடுப்பு தானாக அசையும். திரும்பும்போது குதிக்காலைத் தூக்கி, முன்பாதத்தில் சுழல வேண்டும். ஓடுவதற்கான சப்பாத்தின் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழங்காலில் விழும். சீமெந்துத் தரையில் குதிப்புகளைப் பாதியாகக் குறைத்து மிதிப்பாக மாற்றுங்கள். கல்லடிக் கடற்கரையில் வகுப்பு வைத்தால் மணலில் சுழற்சியே வேண்டாம், கெண்டைக்கால் சீக்கிரம் பிடிக்கும்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பெண்களுக்கான வகுப்புகளில் யன்னல் மூடியிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மண்டபம் கொதிக்கும். காலை ஆறு மணிக்கு வைத்தால் நல்லது; கடினமான இரண்டு பாட்டுக்குப் பிறகு ஒரு கும்பியா, பிறகு தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குப் பதினான்கு பாட்டு அளவில் போதும். முதல் இரண்டு உடலைச் சூடாக்க, கடைசி இரண்டு தணிக்க.

முதல் நாளே பிறசர், சீனி வருத்தம், கர்ப்பம், பழைய முழங்கால் வலி இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம்; மண்டபத்தில் சீனி ஒரு போத்தல் இருக்கட்டும். ஆடும்போது ஒரு சிறு வசனம் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறவருக்குக் கையசைவை நிறுத்திக் கால் மட்டும் போடச் சொல்லுங்கள். தலை சுற்றினால் உடனே இருத்திவிடுங்கள். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரும்படி ஒருவரை முன்வரிசையில் முன்னமே பழக்கி வைத்திருங்கள்.