தூக்குமேடையில் இருவருக்கும் உரிமை

ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸின் 'லெவியதன்' நூலை வகுப்பில் நடத்துகிற பலர் 13ஆம் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்: எல்லோரும் எல்லோரோடும் போர், சாவு பயம், அதிலிருந்து தப்ப ஓர் அரசு. நான் 21 வரை போவேன். அங்கேதான் அந்த மாணவி கேட்டாள்.

"சார், தீர்ப்பு நியாயமானதுதான். ஆனாலும் தூக்குக் கைதி காவலரைத் தள்ளிவிட்டு ஓடலாமா?"

"ஓடலாம். ஹாப்ஸ் கணக்கில் அது அவன் உரிமை."

"அப்போ தூக்குல போடுறவர் செய்றது தப்பா?"

"இல்லம்மா. அரசுக்கும் உரிமை உண்டு."

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நூலின்படி என் பதில் சரி. உயிரைக் காத்துக்கொள்ளத்தான் மனிதன் அரசை உருவாக்கும் ஒப்பந்தத்துக்கே வருகிறான். எனவே 'கொல்ல வந்தாலும் எதிர்க்க மாட்டேன்' என்று அவன் கொடுக்கும் வாக்கு செல்லாது. சட்டத்துக்கு இசைந்த குற்றவாளியையும் ஆயுதக் காவலோடுதானே கொண்டுபோகிறார்கள் என்று 1651லேயே ஹாப்ஸ் சுட்டிக்காட்டுகிறார். 28ஆம் அத்தியாயம் இன்னும் கறாரானது. தண்டிக்கும் உரிமையைக் குடிகள் அரசுக்குக் கொடுக்கவே இல்லை. அவர்கள் தங்களுடையதைக் கைவிட்டார்கள், அரசு விடவில்லை. முன்பு எல்லோர் கையிலும் இருந்த வன்முறை ஒரே கையில் மிஞ்சியது.

அப்படியானால் தூக்குமேடையில் சட்டத்துக்கு என்ன வேலை? அவள் பேனாவை மூடியது அதனால்தான் என்று நினைக்கிறேன். வேலை இருக்கிறது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் விழும் அடி தண்டனையே ஆகாது, அது பகைச்செயல். சட்டம் குறித்த அளவுக்கு மேல் கொடுப்பதும் அப்படியே. அதே அத்தியாயம்தான் இதையும் சொல்கிறது. ஆனால் அளவு மீறியதா என்று முடிவுசெய்வது யார்? அதுவும் அரசே. அந்த இடத்தில் என் சமாதானம் நொறுங்கிவிடுகிறது.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் 1919 உரையைக் காட்டியிருக்கலாம். முறையான வன்முறைக்கு அரசு ஏகபோகம் கொண்டாடி வெல்வதை அவர் விளக்குவார்; கைதி ஏன் பணிய வேண்டும் என்று அவரிடம் கேட்க முடியாது. ஹாப்ஸுக்குப் பின் வந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கிடம் போயிருந்தால் வகுப்பு சுலபமாக முடிந்திருக்கும். கொலைகாரன் மனித குலத்தின்மீதே போர் தொடுத்தவன், சிங்கத்தையோ புலியையோ போல அவனை அழிக்கலாம் என்பார். அந்தப் பதிலை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது. ஹாப்ஸிடம் அந்தக் கைதி கடைசிவரை மனிதன்தான். ஆனால் அவள் கேட்டது கயிற்றை இழுக்கிறவரைப் பற்றி.