ஷிப்டுக்குள் ஒளிந்துகொண்ட கதை

போன டிசம்பரில் நான் எம்கேட் என்ற அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது என்னிடம் "எம்கேட் படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டால், நான் ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை எடுத்துவிடுவேன். நேற்று ராத்திரி எமர்ஜென்சியில் என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தால் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோகும். எனக்கும்தான்.

ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதுகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் பெரும்பாலும் முதலில் ஒரு டிகிரி முடிக்க வேண்டும், அப்புறம் எம்கேட், அதோடு நோயாளிகளின் பக்கத்தில் நின்ற அனுபவமும் வேண்டும். சிலர் ஆம்புலன்ஸில் ஈஎம்டியாக, அதாவது முதலுதவி செய்யும் ஆளாகப் போவார்கள், சிலர் நர்சிங் உதவியாளர் வேலை பார்ப்பார்கள். நான் ஸ்க்ரைப். டாக்டர் நோயாளியிடம் பேசப்பேச அவர் சொல்வதையெல்லாம் கேஸ் நோட்டாகத் தட்டச்சு செய்வது என் வேலை. வாரம் மூன்று நைட் ஷிப்ட், சாயங்காலம் 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை, ஆக 36 மணி நேரம்.

மீதி நேரத்தில் படித்துவிடலாம் என்பது திட்டம். காகிதத்தில் பார்த்தால் நேரம் நிறையவே இருந்தது. ஆனால் நைட் ஷிப்டுக்கு மறுநாள் என்பது கணக்கில் மட்டும் வருகிற நாள். மத்தியானம் 2 மணிக்கு எழுந்து, சிறுநீரகம் உப்பை எப்படித் திரும்ப உறிஞ்சுகிறது என்ற ஒரே பக்கத்தை நான்கு முறை படித்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்குச் சட்டை தேய்த்த நாட்கள் எத்தனையோ. சிபாரிசுக் கடிதம் கேட்கப் பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் இருக்கும் நேரம் காலை 10 முதல் 12, நான் செத்த பிணம் மாதிரித் தூங்கும் நேரம். ஒருநாள் தூங்காமலேயே போய் நின்றேன், அவர் முதலில் கேட்டது உனக்கு உடம்பு சரியில்லையா என்றுதான்.

ஜனவரியில் முழு நீள மாதிரித் தேர்வு எழுதினேன். 497. மூன்று வாரம் கழித்து இன்னொன்று. 496! எம்கேட் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும், 500 என்பது ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஆள். அதாவது நான் அந்த நடுவுக்கும் கீழே, அதுவும் இறங்குமுகமாக.

அம்மாவிடம் ஷிப்ட் அதிகம், படிக்க நேரமே இல்லை என்று புலம்பினேன். "உன்னை யாருடா மூணு ஷிப்ட் எடுக்கச் சொன்னா?" என்றாள். சுருக்கென்றது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. இரண்டு போதும் என்றுதான் மேனேஜரே சொல்லியிருந்தார். ஆள் குறைகிறது என்று குரூப்பில் மெசேஜ் வந்தால் முதலில் கை தூக்குவது நான். ஆஸ்பத்திரியில் நான் உபயோகமான ஆள், டாக்டர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு. வீட்டில் எம்கேட்டின் வாசிப்புப் பகுதியான கார்ஸைத் திறந்தால் 90 நிமிடத்தில் 53 கேள்வி, தத்துவம், கலை விமர்சனம் என்று எதையோ படித்து எழுதியவர் என்ன நினைத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும், அங்கே நான் முட்டாள். எங்கே ஓடுவேன்? ஷிப்டுக்குத்தான். வேலையால் படிப்பு கெட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் படிப்புக்குப் பயந்து வேலையில் ஒளிந்திருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் வாரம் ஒரே ஷிப்ட், அதுவும் பகலில் என்று மாற்றிக்கொண்டேன். முழுதாக விட்டிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். வாடகை ஒரு காரணம். இன்னொன்று, விட்டிருந்தால் எதற்காகப் படிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும். ஏப்ரல் கடைசியில் தேர்வு எழுதினேன், முடிவு வர ஒரு மாதம் ஆகும், மே கடைசியில் ஆம்காஸ் என்ற, மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தை அனுப்பத் தொடங்கும்போது மதிப்பெண் கையில் இருக்கும் என்பது கணக்கு. கல்லூரிகளில் விண்ணப்பங்களை வர வரப் பார்க்கிறார்கள், தாமதமாக அனுப்பினால் இடம் குறைந்துகொண்டே போகும். 509 வந்தது. தலைகால் புரியாமல் ஆடும் மதிப்பெண் இல்லை, ஆனால் என்னுடையது.

சரி, விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த அடி. நம் அனுபவங்களை அதிகபட்சம் 15 பதிவுகளாக எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. மூன்றை மட்டும் முக்கியமானவை என்று தேர்ந்தெடுத்து இன்னும் 1325 எழுத்துகள் எழுதலாம். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன் என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கூட்டிவிட்டேன். ஆனால் என்ன பார்த்தேன்? ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறேன், யோசித்தால் எல்லாம் ஒரே ராத்திரியாகக் குழம்புகிறது.

தப்பித்தது ஒன்றே ஒன்று. நெஞ்சுவலி என்று வந்த ஒரு பாட்டி. கூட வந்த தாத்தா பாட்டியின் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதும் பையைத் திறந்து ஒரு மருந்துக்கடை ரசீதை எடுத்தார். அதன் பின்பக்கம் பென்சிலில் ஐந்து நேரங்கள், ஒவ்வொரு முறை வலி வந்தபோதும் பாட்டியே குறித்தது. ஆறாவது தாத்தாவின் கையெழுத்து, கோணல்மாணலாக. நான் நோட்டில் தட்டியது "வலி 6 முறை, விட்டுவிட்டு" என்று மட்டும். அன்றைக்குக் காரைக் கிளப்பும் முன் போனில் இரண்டு வரி குறித்து வைத்திருந்தேன், பெயர், தேதி எதுவும் இல்லாமல். என் விண்ணப்பக் கட்டுரை அந்த இரண்டு வரியிலிருந்துதான் வந்தது.

இப்போது ஒவ்வொரு ஷிப்டும் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதுகிறேன். சில நாள் "ஒன்றும் இல்லை, கால் வலி" என்றுதான் வரும், வரட்டும். கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் இரண்டாம் சுற்றுக் கட்டுரைகள் ஒன்பது வந்து கிடக்கின்றன. நேற்று குரூப்பில் சனிக்கிழமைக்கு ஆள் வேண்டும் என்று மெசேஜ் வந்தது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு யாரோ கை தூக்கிவிட்டார்கள்.