எடுத்த குறும்படத்தை யாரிடம் கொண்டுபோவது?

குறும்படம் எடுக்கிற பிள்ளைகளின் பட்ஜெட் தாளை வாங்கிப் பார்த்தால் கேமரா வாடகை, லென்ஸ், சாப்பாடு, பெட்ரோல் என்று எல்லாம் இருக்கும். படத்தை ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். எடிட் முடிந்த ராத்திரியே யூடியூபில் ஏற்றி, இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் லிங்க் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களும் கல்லூரி நண்பர்களும் பார்த்து முடித்ததும் எண்ணிக்கை நின்றுபோகிறது. நல்ல படங்களுக்கே இப்படி நடப்பதைப் பார்க்க மனசு கனக்கிறது. முகவரி எழுதாமல் தபாலில் போட்டால் கடிதம் எங்கே போய்ச் சேரும்?

முகவரியைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத வேண்டும். "எல்லோருக்குமான படம்" என்பது முகவரி ஆகாது. பனையேறும் தொழிலாளியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பனைத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள், கருப்பட்டி விற்கிறவர்கள், இயற்கை விவசாயக் குழுக்கள், தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறை, தாவரவியல் துறை ஆசிரியர்கள், அந்த ஊர்களிலிருந்து சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் என்று தேடினால் ஒரு வாரத்தில் ஐம்பது பெயர் தேறும். அந்த ஐம்பது பேருக்கும் தனித்தனியாக மூன்று வரி எழுதுங்கள்: படம் எதைப் பற்றியது, எத்தனை நிமிடம், ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள். குழுவில் போடுகிற ஃபார்வர்டை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை.

அடுத்தது, இனி மாற்றமில்லை என்று எடிட்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனைத் திரையிடல். படத்தில் வேலை செய்யாத எட்டுப் பத்துப் பேரை ஒரே அறையில் உட்கார வையுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர்கள் முகம் தெரிகிற மாதிரி ஓரமாக உட்காருங்கள். கையில் காகிதமும் டைமரும் போதும். யாருடைய கை போனைத் தேடிப் போகிறதோ அந்த நிமிடத்தையும் விநாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் அசைந்தால் கத்தரி அங்கேதான் போக வேண்டும். பெரும்பாலும் அந்தக் காட்சிக்கு முந்தைய காட்சியிலேயே காரணம் இருக்கும். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு "சூப்பர்" என்பார்கள். "என்ன கதை, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற கதையும் நீங்கள் எடுத்த கதையும் எங்கே பிரிகின்றன என்பது அப்போது தெரியும்.

தொடக்கத்தில் வரும் லோகோ, நன்றி அட்டை, நிறுவனத்தின் பெயர், இயக்குநர் பெயர் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். நாற்பது விநாடி பெயர்ப் பட்டியலைத் தாண்டி யாரும் காத்திருப்பதில்லை.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் லென்ஸ் வாடகையைக் குறைத்தாவது சட்டையில் குத்துகிற மைக் ஒன்று எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத வெறும் அறைச் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்யுங்கள். வெட்டுக்கு வெட்டு பின்னணி மாறாமல் ஒட்டுவதற்கு அதுதான் பசை. மிக்ஸ் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். சத்தத்தை அளக்கும் அலகான எல்யூஎஃப்எஸ் கணக்கில் -14-க்கு மேல் போகிற ஒலியை யூடியூப் தானே குறைத்துக்கொள்ளும். குறைவாகப் பதிவானதை உயர்த்தாது. மெதுவாக மிக்ஸ் செய்த படம் மற்ற வீடியோக்களுக்கு நடுவே முணுமுணுப்பாகக் கேட்பது இதனால்தான்.

இசை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. டீக்கடைக் காட்சியில் பின்னால் ஓடுகிற சினிமாப் பாட்டுகூட, உரிமையுள்ள பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் மாட்டும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் படமே தெரியாமல் போகலாம், திரைப்பட விழாக்காரர்கள் உரிமைக் கடிதம் கேட்பார்கள். நண்பன் இசையமைத்துக் கொடுத்திருந்தாலும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்குவது நல்லது.

இனி, படத்தை வெளியிடும் வரிசை. பலர் தவறுவது இங்கேதான். முதலில் விழாக்கள், பிறகு நேரடித் திரையிடல்கள், கடைசியில் யூடியூப். இணையத்தில் ஏற்கெனவே இருக்கிற படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. ஆஸ்கர் குறும்படப் பிரிவும் அப்படித்தான்: பெயர்ப் பட்டியலோடு சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், தகுதி பெறுவதற்கு முன் இணையத்தில் வெளிவந்திருக்கக் கூடாது. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான் உச்சவரம்பு. நீளத்தைத் தீர்மானிக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். 25 நிமிடப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சின்னப் படங்கள் இரண்டை விட வேண்டும் என்பது தேர்வாளர்களின் கணக்கு.

நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது; மும்பையில் 1990 முதல் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவும் இருக்கிறது. விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் கணக்குத் தொடங்கினால் உலகத்து விழாக்கள் வரிசையாக வரும். அங்கே கவனம் தேவை. மாதாமாதம் ஐம்பது பிரிவுகளில் விருது என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, படத்தை எந்தத் திரையிலும் காட்டாமல், போஸ்டரில் போட்டுக்கொள்ளும் விருது இலைச்சின்னம் மட்டும் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். போன வருடம் எந்த அரங்கில் திரையிட்டார்கள், பார்வையாளர்கள் தெரிகிற புகைப்படம் இருக்கிறதா, தேர்வாளர்கள் யார் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போஸ்டரில் பத்து இலைச்சின்னம் இருப்பதைவிட நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்த ஒரு மாலை பெரிது. விழாக்களுக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். ஒரு வருடம் போதும்.

சப்டைட்டிலைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல், குறைந்தது ஒரு விநாடியாவது திரையில் நிற்கும்படி அமையுங்கள். மொழிபெயர்ப்பைப் படம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நெல்லைப் பேச்சிலோ கொங்குப் பேச்சிலோ படம் இருந்தால் தமிழ் சப்டைட்டிலும் வையுங்கள். காது கேளாதவர்களும் பார்ப்பார்கள், யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் இருப்பவர்களுக்கும் வசனம் முழுசாகப் போய்ச் சேரும். சப்டைட்டில் வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். படத்தின் மீதே பதிக்கிறீர்கள் என்றால் 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றனவா என்று ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள்.

நேரடித் திரையிடலுக்குப் பெரிய அரங்கு வேண்டியதில்லை. 1984-ல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கேரளத்தில் தொடங்கிய ஒடேசா இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, படம் எடுத்தது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். இன்று நூலகக் கூடம், கல்லூரி வகுப்பறை, சங்க அலுவலகம் என்று எது கிடைத்தாலும் போதும். எட்டு அடி அகல வெள்ளைத் திரை, 3000 லூமன்ஸ் வெளிச்சமுள்ள புரொஜெக்டர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஸ்பீக்கர் திரைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் வசனம் முதுகிலிருந்து வரும். மலிவான ஹெச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். நெட்டை நம்பாமல் கோப்பாகவே கொண்டுபோங்கள், இரண்டு பென்டிரைவில். ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. விநாடிக்கு 10 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் கோப்பாக்கினால் பன்னிரண்டு நிமிடப் படம் சுமார் 900 எம்பிதான் வரும். லேப்டாப்பில் ஸ்லீப்பையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். உச்சக்காட்சியில் வாட்ஸ்அப் செய்தி மேலே எட்டிப் பார்த்தால் அந்த மௌனம் திரும்பக் கிடைக்காது. சினிமா தியேட்டர் கிடைத்தால் டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் வடிவம் கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படும், விழாக்கள் தனியே விலக்கு வாங்குகின்றன. ஆகவே நடத்துகிற அமைப்பிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

படம் முடிந்ததும் இருபது நிமிடம் பேச்சுக்கு விடுங்கள். வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் பெயரும் எண்ணும் எழுதட்டும்.

யூடியூபுக்கு வரும்போது முதலில் போன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் ஏறாது, சொந்த முகப்புப் படமும் (தம்ப்நெயில்) வைக்க முடியாது. முகப்புப் படம் 1280-க்கு 720 பிக்சல். ஒரு முகம், அதிகம் போனால் மூன்று சொல். வலது கீழ் மூலையில் நேரம் வந்து மறைக்கும் என்பதால் அங்கே எழுத்து வேண்டாம். தலைப்பில் "தமிழ்க் குறும்படம்" என்பதைப் பின்னால் போட்டு, படத்தின் பெயரை முன்னால் வையுங்கள்.

பெரிய சேனல்கள் படத்தைக் கேட்டு வந்தால் மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். உரிமை எத்தனை வருடம், அவர்களுக்கு மட்டுமா, வருமானத்தில் பங்கு உண்டா, நீக்கச் சொன்னால் நீக்குவார்களா என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நிரந்தர உரிமை என்றிருந்தால் ஒரு வருடமாகவோ இரண்டு வருடமாகவோ மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கதையை நாளைக்கு முழுநீளப் படமாக எடுக்கும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். 2012-ல் இயக்குநர் பாலாஜி மோகன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தது தன்னுடைய குறும்படத்திலிருந்துதான்.

வெளியிடுகிற நாளன்று நோட்டில் உள்ளவர்களுக்கும் அந்த ஐம்பது பேருக்கும் பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். கடைசிவரை பார்த்துவிட்டு ஒரு வரி எழுதும்படி கேளுங்கள். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே பதில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவில், எந்த விநாடிவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து, முதல் 30 விநாடியில் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த விநாடியை அடுத்த படத்தின் ஸ்கிரிப்ட் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.