வாடகைக் கட்டடத்துக்குத் தீயணைப்புச் சான்றிதழ் புதுப்பித்த அனுபவம்

மாடிக்கு ஒரு வாடகைதாரர் இருக்கும் வணிகக் கட்டடத்தை உரிமையாளர் சார்பில் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சான்றிதழ் காலாவதியாகும் தேதி நெருங்கியதும் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படிவமும் விதிகளும் இடத்துக்கு இடம் மாறும், அதை உங்கள் பகுதித் தீயணைப்புத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது கட்டடத்துக்குள் நடக்கிற கூத்தைப் பற்றி, அது எங்கே போனாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

புதுப்பித்தல் என்றதும் பலர் முதலில் செய்வது தீயணைப்பான்களை ரீஃபில் பண்ணி, தேதிச் சீட்டை மாற்றி ஒட்டுவது. அது செய்ய வேண்டியதுதான், ஆனால் இருப்பதிலேயே சுலபமான வேலையும் அதுதான். நான் அதைப் பராமரிப்புக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, அனுமதி வாங்கிய பழைய வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து தரைத்தளம் வரை ஒவ்வொரு மாடியாக நடந்தேன்.

வரைபடத்தில் பெரிய ஹால். நேரில் பார்த்தால் அதே ஹாலை வாடகைதாரர் தடுத்து நான்கைந்து அறைகளாக்கியிருக்கிறார், சுவர் மேல்தளம் வரைக்கும் போகிறது. ஸ்மோக் டிடெக்டர் எல்லாம் ஹாலுக்கு என்று வைத்தது, இப்போது சில அறைகளில் இரண்டு இருக்கிறது, சர்வர் வைத்திருக்கும் அறையில் ஒன்றுகூட இல்லை. உள்ளே புகை கிளம்பினால் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து அடுத்த அறை டிடெக்டரைத் தொடும்வரை அலாரம் அடிக்கப்போவதில்லை. இன்னொரு மாடியில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள், தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலையைக் கீழே இறக்காமல் அப்படியே மேலே விட்டு மூடிவிட்டார்கள். ஸ்பிரிங்க்ளரில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் சூடானால்தான் உடையும், சிவப்புத் திரவம் இருந்தால் 68 டிகிரி செல்சியஸ். சீலிங்குக்கு மேலே ஒளிந்துகொண்டிருந்தால் கீழே எரிகிற தீயின் சூடு அதற்கு எப்போது போய்ச் சேருவது? சில தலைகளில் பெயின்டர் தாராளமாக வெள்ளை அடித்துவிட்டுப் போயிருந்தார், அதைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சரக்கு வைத்திருக்கும் தளத்தில் அட்டைப்பெட்டிகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே சுமார் 45 சென்டிமீட்டராவது காலியாக இருந்தால்தான் தண்ணீர் விரிந்து விழும், இல்லையென்றால் மேல் பெட்டியை மட்டும் நனைத்துவிட்டு நிற்கும்.

யாரும் தீ விபத்தை நினைத்துக்கொண்டு இன்டீரியர் செய்வதில்லை, அது புரிகிறது. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பைப்பை இறக்குவது ஒரு நாள் வேலை. சீலிங் முடிந்த பிறகு பிரித்துச் செய்தால் அந்த அலுவலகமே ஸ்தம்பிக்கிறது.

கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறிப்போகிற மின்சார ஷாஃப்டைத் திறந்து பார்த்தது எனக்கு மறக்காது. மூன்றாவது மாடியில் நின்று டார்ச்சை உள்ளே அடித்துக் குனிந்து பார்த்தால் தரைத்தளத்து விளக்கு வெளிச்சம் தெரிகிறது. ஒவ்வொரு தளத்திலும் ஸ்லாபில் கேபிள் போகிற ஓட்டையை மூடாமல் விட்டால் ஷாஃப்ட் முழுக்கப் புகைபோக்கிதான், கீழே பற்றினால் மேலே இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். கட்டும்போது மூடித்தான் இருந்திருக்கிறது, பிறகு இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவர்கள் ஆளாளுக்கு உடைத்திருக்கிறார்கள். ஒரு மாடியில் யாரோ பொறுப்பாக ஃபோம் அடித்து மூடியிருந்தார், பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அது கதவு நிலை பொருத்த அடிக்கிற சாதாரண பாலியூரித்தேன் ஃபோம், தானே எரியும். இதற்கென்றே தீ தாங்கும் சீலன்ட் இருக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சோதித்த சான்றோடு வரும். அதை வாங்கி அடைக்கச் சொன்னேன், அடைத்த ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்து மாடி எண்ணோடு வைத்துக்கொண்டேன், இன்ஸ்பெக்ஷனில் இது பெரிதாக உதவியது.

தீயும் புகையும் படிக்கட்டுக்குள் வராமல் தடுக்க மூடியே இருக்க வேண்டிய ஃபயர் டோர்கள் எல்லா மாடியிலும் இருந்தன, அத்தனையும் திறந்தே கிடந்தன. கீழே மரத்துண்டு, இல்லையென்றால் தீயணைப்பானையே முட்டுக்கொடுத்து வைப்பது. தானாக மூடும் க்ளோசரைக் கழற்றிவிட்டவர்களும் உண்டு, கதவு இழுக்கக் கனமாக இருக்கிறதாம். எப்போதும் ஆள் போய்வரும் இடங்களில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்று, அலாரம் அடித்ததும் தானே விட்டுவிடுகிற காந்தப் பிடிப்பான் போட வைத்தோம். மற்ற இடங்களில் க்ளோசரைத் திரும்ப மாட்டினோம், முணுமுணுப்பு சில நாள் இருந்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

ஒரு கடைக்காரர் மட்டும் பின்பக்க வெளியேறும் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். "சரக்கு வெளியே போயிடுது சார், நான் என்ன பண்றது?" என்றார். அவர் கவலை நியாயமானதுதான். நியூயார்க்கில் 1911-ல் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தபோதும் ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது, தொழிலாளர்கள் துணியைத் திருடிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில்தான் அப்படிப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்லப்பட்டது. இதை அவரிடம் சொன்னேன், பெரிதாக அசையவில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியேயிருந்து திறக்க முடியாத பேனிக் பார் போட்டு, தள்ளினால் சத்தம் போடும் மணியும் வைக்கலாம் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். ஒருத்தருக்குப் பயம் திருட்டைப் பற்றி என்றால் திருட்டுக்குத்தான் வழி சொல்ல வேண்டும்.

பம்ப் அறையில் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் மெயின் பம்பின் சுவிட்ச் ஆட்டோவில் இல்லை, மேனுவலில் இருந்தது. யாரோ சர்வீஸுக்கு வந்தவர் மாற்றியிருப்பார், திருப்பி வைக்கவில்லை. மேனுவலில் இருந்தால் பைப்பில் அழுத்தம் குறைந்தாலும் பம்ப் தானாக ஓடாது, ஆள் ஓடிப்போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். ஆகவே பம்ப் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், சோதனை வால்வைத் திறந்து பைப்பில் அழுத்தம் இறங்க விடுங்கள், முதலில் சின்னக் குறைவை ஈடுகட்டுகிற சிறிய ஜாக்கி பம்ப் ஓட வேண்டும், இன்னும் இறங்கினால் மெயின் பம்ப், மெயினுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினால் டீசல் பம்ப். எங்கள் டீசல் பம்ப் முக்கிக்கொண்டே நின்றது, பேட்டரி போயிருந்தது. ஜாக்கி பம்ப் சும்மா சும்மா ஓடிக்கொண்டிருந்தால் எங்கேயோ கசிவு என்று அர்த்தம், அதையும் தேடிப் பிடியுங்கள்.

அலாரம் பேனலிலும் இதே கதைதான். இன்டீரியர் வேலையின் தூசியில் பொய் அலாரம் அடிக்கிறது என்று கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் பேனலில் ஐசோலேட் செய்து, அதாவது அங்கே அலாரம் அடிக்காதபடி துண்டித்து வைத்திருக்கிறார்கள், வேலை முடிந்து மாதக்கணக்கில் அப்படியே. டிடெக்டர்களில் தூசிக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை.

இதையெல்லாம் யார் செலவில் சரிசெய்வது என்பதில்தான் நாட்கள் ஓடின. வாடகை ஒப்பந்தத்தில் "தீ பாதுகாப்பு விதிகளை இரு தரப்பும் பின்பற்ற வேண்டும்" என்று ஒற்றை வரி, அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. கடைசியில் படிக்கட்டு, ஷாஃப்ட், பம்ப், பேனல் எல்லாம் உரிமையாளர் செலவு, வாடகைதாரர் சுவர் எழுப்பியதாலோ சீலிங் போட்டதாலோ வந்த மாற்றம் அவரவர் செலவு என்று எழுத்தில் முடித்தோம். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டவர்கள் பில் வந்ததும் மறந்துபோனார்கள், அதனால் எல்லாமே மின்னஞ்சலில்தான்.

வேலையெல்லாம் ஒருபுறம் இருக்க, தீ விபத்து ஒத்திகை ஒன்றும் நடத்தினோம். அதில் மேல் மாடி ஆட்கள் அலாரம் அடித்தும் மேனேஜர் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள், சிலர் பாதிப் படியிலிருந்து லேப்டாப் எடுக்கத் திரும்பிப் போனார்கள். கால் முடியாத ஊழியர் ஒருவர் லிஃப்ட் இல்லாமல் எப்படி இறங்குவார் என்று அதுவரை யாரும் யோசிக்கவே இல்லை. அவருக்கென்று இரண்டு பேரை நியமித்து, ஒருவர் விடுப்பென்றால் யார் என்பதையும் எழுதி வைத்தோம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னிடம் அதிகம் பேசவில்லை. நேராகக் காவலாளியிடம் போய், "அலாரம் அடிச்சா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அவர் ஒத்திகையில் இருந்தவர், பிழைத்தோம். பிறகு ஹோஸ் ரீலில் சுற்றியிருக்கும் தண்ணீர்க் குழாயை இழுத்து, தளத்தின் கடைசி மூலை வரை எட்டுகிறதா என்று பார்த்தார், எமர்ஜென்சி லைட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார், லாக் புக்கில் தேதிகளைப் புரட்டினார், ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியதா என்று பார்ப்பது போலத்தான் எனக்குப் பட்டது. வெளியேறியவர்கள் கூடும் இடம் என்று போர்டு வைத்திருந்த வாசலைக் காட்டி, தீயணைப்பு வண்டி அங்கேதானே வந்து நிற்கும் என்றார். போர்டை எதிர்ப்பக்கம் மாற்றி, போட்டோ அனுப்பிய பிறகு சான்றிதழ் வந்தது.

நகலை வாடகைதாரர்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டேன். இப்போது புதுப்பிக்கிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், சுவரோ சீலிங்கோ தொடுவதற்கு முன் வரைபடம் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், காலி செய்யும்போது டிடெக்டரையும் ஸ்பிரிங்க்ளரையும் பழையபடி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சேர்க்கிறோம். இரண்டாம் மாடிக்காரர் போன வாரம் ஒரு மீட்டிங் ரூமுக்கு வரைபடம் அனுப்பியிருக்கிறார், டிடெக்டர் குறித்திருக்கிறார், ஸ்பிரிங்க்ளரை விட்டுவிட்டார், சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.