மூடியத் திறந்தா 20 நிமிசம்

லண்டன் மச்சாள் விட்டுட்டுப் போன ஸ்லோ குக்கருக்கு (மணிக்கணக்கா மெல்ல மெல்ல அவிக்கிற கறண்ட் சட்டி) ஒரே ஒரு சட்டம்தான்: மூடியில கை வைக்கப்படாது. ஒருக்காத் தூக்கினா உள்ள இருக்கிற ஆவி முழுக்க ஓடிப்போகும். இழந்த சூட்டப் பிடிக்க 20 நிமிசமாவது வேணும், ஏனெண்டா அது இழுக்கிறதே 200 வாட்ஸ் அளவுதான். சின்ன ரைஸ் குக்கரே அதப்போல ரெண்டு மடங்கு இழுக்கும்.

லண்டனில செல்லுற சட்டம் மட்டக்களப்புக் கல்லடியில செல்லாது. நம்மட வீட்டில சட்டி ஒண்டு மூடியிருந்தா, தண்ணி குடிக்க வாறவரும் மூக்கக் காட்டிட்டுத்தான் போவார். கண்ணாடி மூடிதான், ஆனா ஆவி பிடிச்சு உள்ள ஒண்டும் தெரியாது. விரலால ரெண்டு தட்டுத் தட்டினா துளியெல்லாம் விழுந்து கறி தெரியும். தட்டுற பொறுமை இருந்தா இந்தப் பதிவுக்கே வேலையில்ல.

(கனடாச் சித்தி தன்ட குக்கரத் தாறன் எண்டா கும்பிட்டுப்போட்டு விட்டிருங்க. அது 120 வோல்ட்ஸ் சாமான். நம்மட 230இல குத்தினா சூடு மூண்டரை மடங்குக்கு மேல ஏறும். பிறகு அது ஸ்லோ குக்கர் இல்ல, ராக்கெட்.)

இந்த ஞாயிறு வச்சது தாய்லாந்துச் சாயலில கோழி. தோல் உரிச்ச தொடை ஒரு கிலோ. நெஞ்சு இறைச்சி வேணாம், ஆறு மணித்தியாலத்தில பஞ்சாப் போயிடும். தொடையில இருக்கிற சவ்வு மெல்ல மெல்லக் கரைஞ்சுதான் குழம்பு வழுவழுப்பா வரும். தோலோட போட்டா அது ரப்பராகும், கொழுப்பும் மேல மிதக்கும். ஃப்ரீசரில இருந்து கல்லாட்டம் எடுத்து அப்படியே போடுறது அதைவிட மோசம். சூடு ஏற நேரம் எடுக்கிறதால கிருமிதான் முதல்ல சாப்பிடும்.

அரைப்புக்குச் செத்தல் கொச்சிக்காய் 10 ஊறவச்சது, சின்ன வெங்காயம் 8, உள்ளி 6 பல்லு, எலுமிச்சைப் புல்லு மூண்டு தண்டு (அடியில இருக்கிற வெள்ளைப் பக்கம் மூண்டு விரற்கடை மட்டும், மேல நார்தான்), மல்லி ஒரு தேக்கரண்டி, சீரகம் அரை. பச்சைப் பேரரத்தை கிடைக்காட்டி இஞ்சி ஒரு துண்டு. தேசிக்காய்த் தோலில பச்சைய மட்டும் சீவிப் போடணும், வெள்ளை வந்தாக் கைக்கும். தாய்லாந்துக்காரர் இதுக்கு இறால் களி போடுவாங்க. நம்மட கூனி இறால வறுத்து ஒரு மேசைக்கரண்டி அரைச்சா வேலை முடிஞ்சுது. கூனி இருக்கிற ஊரில போத்தில் தேடி அலையிறது பாவம்.

அரைச்சத நேரா குக்கரில கொட்டக் கூடாது. அதுக்குள்ள தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல போகாது, வெங்காயத்திர பச்சை மணம் இரவாகியும் போகாது. தாச்சியில ரெண்டு கரண்டி எண்ணெயில நாலஞ்சு நிமிசம், எண்ணெய் பிரியும் வரை வதக்கணும். பிறகு கோழி, அரைக் கப் தண்ணி. அவ்வளவுதான். ஆவி மூடியில பட்டுத் திரும்ப உள்ளதான் விழும், கோழியும் தன்பாட்டுக்குத் தண்ணி விடும்.

காலை ஏழு மணிக்கு 'லோ'வில வச்சா ஒரு மணிக்குச் சோத்தோட பரிமாறலாம். இது கணக்கு.

எட்டு மணிக்குப் பெத்தா (பாட்டி). "கொதிக்கவே இல்லயேகா, கறண்ட் இருக்கா?" மூடி தூக்கியாச்சு. அவவுக்குப் பின்னால மாமா. கறண்ட் எண்ட சொல்லக் கேட்டதும் அவருக்கு 2025 பெப்ரவரி 9 ஞாபகம் வந்திட்டுது: பாணந்துறையில ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபோமரில பட்டு நாடே இருண்ட ஞாயிறு. குரங்குக் கதை முடியும் வரை மூடி அவர்ர கையில. (உண்மையா கறண்ட் போனா எல்லாத்தையும் கேஸ் அடுப்புக்கு மாத்திக் கொதிக்க வைங்க. ஆள் இல்லாத வீட்டில மணிக்கணக்கா நிண்டிருந்தா, கொட்டிடுங்க.) மறுகா மாமி, "தண்ணி காணாது" எண்டு ஒரு செம்பு.

ஒம்பது மணிக்குப் பெத்தா திரும்பவும் வந்து, ஆரும் பார்க்காத நேரத்தில தேங்காய் முதல்பால் முழுக்க ஊத்திட்டா. முதல்பால் கடைசி அரை மணித்தியாலத்துக்கு உரியது. டின் பாலில பிரியாம இருக்க மருந்து கலந்திருக்கும், துருவிப் பிழிஞ்ச பாலில அதில்ல. மணிக்கணக்காச் சூடு பட்டா எண்ணெய் வேற, திரள் வேற.

பிரிஞ்சுது. ஆனா காப்பாத்தலாம். கோழிய அள்ளி வச்சிட்டு, குழம்பில மூண்டு மேசைக்கரண்டி கச்சான் பட்டர், ஒரு மேசைக்கரண்டி சோளமாவப் பச்சைத் தண்ணியில கரைச்சு விட்டு, பிளெண்டரில அடிச்சாச் சேர்ந்திடும். சூட்டுக் குழம்பெண்டா பிளெண்டரப் பாதிக்கு மேல நிரப்பாம, மூடிய ஒரு பக்கம் கொஞ்சம் திறந்து துணியால பொத்தணும், ஆவி போக வழி வேணும்.

காலையில இருந்து திறந்து திறந்து பார்த்த வீட்டில, திறக்க வேண்டிய ஒரே மூடிய மாமா ரெண்டு கையாலயும் அமத்திப் பிடிச்சார். சுவிட்ச் போட்டதும் மூடி மேல, மாமா கீழ. கலண்டரில முருகனுக்குச் செம்மஞ்சள் அபிஷேகம்.

மிச்சத்தத் திரும்ப ஊத்தி, கோழியையும் போட்டு, 'ஹை'யில 20 நிமிசம், ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சோஸ், ஒரு மேசைக்கரண்டி கித்துள் சக்கரை. தேசிப்புளி நிப்பாட்டின பிறகுதான், கொதிச்சாக் கைக்கும். தாய்லாந்தில கோழி பிரட்டலுக்குப் போடுற ஒரு இலை நம்மட துளசி இனம்தான். அதச் சொன்னதும் பெத்தா, "சாமிக்குப் போடுறதக் கோழிக்கோ?" எண்டு பார்த்த பார்வையில மல்லி இலையோட முடிஞ்சுது.

சாப்பிட நாலு மணி. ஆரும் குறை சொல்லல்ல, பசி. பெத்தா மட்டும் ரெண்டாந்தரம் சோறு வாங்கிட்டு, "நான் பால் விட்டதாலதான் தப்பிச்சுது" எண்டா.

மூடி தூக்க வரிசையில நிண்டவங்களில சட்டி கழுவ ஒருத்தரும் வரல்ல. சூடான பீங்கான் சட்டியில பச்சைத் தண்ணி பட்டா வெடிக்கும் எண்டு சொன்னதுதான் தாமதம், எல்லாரும் அதையே பிடிச்சிட்டாங்க: "ஆறட்டும்." ராவு ஒம்பது மணிக்கும் ஆறல்லயாம்.